ஒன்றை மாட்டாமல் இன்னொன்றைக் கழற்றாதே

மூன்று ஆண்டுகளுக்கு முன், லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கின் மேலே நிற்கும் காங் யாட்சே இரண்டாம் சிகரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது, ஏறத்தாழ 6,000 மீட்டர் உயரத்தில் நான் ஒரு பிழை செய்தேன். எங்கள் வழிகாட்டி அன்று அதிகாலையில் கட்டிவைத்திருந்த கயிற்றில் இரண்டு துண்டுகள் இணையும் முடிச்சு ஒன்று இருந்தது. அந்த முடிச்சைக் கடப்பதற்காக, என் இடுப்புவாரிலிருந்து கயிற்றுக்குச் சென்ற இரண்டு கொக்கிகளையும் ஒருசேரக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சரிவைப் பார்த்தபடி நின்றேன். சில நொடிகள் என்னையும் அந்த மலையையும் இணைக்க எதுவுமே இல்லை. பின்னால் வந்த வழிகாட்டி ஒன்றும் பேசாமல் என் இடுப்புவாரைப் பிடித்து இழுத்து, தன் கொக்கியை அதில் மாட்டிய பிறகுதான் மூச்சுவிட்டார்.

அந்த நிகழ்வில் இன்றுவரை என்னை உறுத்துவது வேறொன்று. அந்தச் சில நொடிகளில் எனக்குப் பயமே இல்லை. களைப்பாக இருந்தது, ஆனால் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது என்று உறுதியாக நம்பினேன். பதினாறு ஆண்டுகளாகக் கணக்குத் தணிக்கை செய்து பிழைப்பவன் நான். பிறர் விட்ட பிழையைக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன், தன் உயிரைத் தாங்கும் இரண்டே வரிக் கணக்கில் பிழைவிட்டதைக்கூட உணராமல் நின்றிருக்கிறேன்.

இப்போது, வரும் அக்டோபர் கடைசியில் நேபாளத்தின் அமா தப்லாம் சிகரத்துக்குச் செல்ல, ஒன்பது மாதங்களாகத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். 6,812 மீட்டர் உயரம் என்பது இமயமலையின் அளவுகோலில் பெரிய உயரமில்லை. எவரெஸ்ட்டை நோக்கி நடப்பவர்கள் வழியில் அண்ணாந்து பார்த்து ஒளிப்படம் எடுத்துக்கொள்ளும் மலை அது. ஷெர்பா மொழியில் அமா என்றால் அம்மா. தப்லாம் என்பது ஷெர்பாப் பெண்கள் கழுத்தில் அணியும் பதக்கப் பேழை. இருபுறமும் இறங்கும் நீண்ட முகடுகள் அணைக்கும் கைகள் என்றும், உச்சிக்குக் கீழே மார்பளவில் தொங்கும் பெரும் பனித்திரள் அந்தப் பதக்கம் என்றும் சொல்வார்கள். பெயர் தாயுடையது என்றாலும், ஏறும் வழியான தென்மேற்கு முகடு அவ்வளவு கனிவானதல்ல. பாறை, உறைபனி, கத்தி முனை போன்ற பனி வரப்பு என மாறிமாறி வரும். பல இடங்களில் இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டர் வெட்டவெளி. அங்கே வெறும் கால்வலு போதாது, கைகளுக்கும் தொழில் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த மலையின் முதல் ஏற்றமே தயாரிப்பைப் பற்றிய ஒரு பாடம்தான். எட்மண்ட் ஹிலாரியின் தலைமையில் 1960-61இல் வந்த அறிவியல் பயணக் குழு, அமா தப்லாமின் அருகே சுமார் 5,800 மீட்டர் உயரத்தில் ‘வெள்ளிக் குடில்’ என்ற உருளை வடிவக் குடிலை நிறுவியது. உடலியலாளர் கிரிஃபித் பியூவின் பொறுப்பில், மனித உடல் அவ்வளவு உயரத்தில் ஒரு குளிர்காலம் முழுவதும் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று ஆராய்ந்தார்கள். அக்குழுவைச் சேர்ந்த மைக் வார்ட், மைக் கில், வாலி ரோமனஸ், பாரி பிஷப் ஆகிய நால்வர்தான் 1961 மார்ச் 13 அன்று அமா தப்லாமின் உச்சியை முதன்முதலில் தொட்டார்கள். முறையான அனுமதி பெறாமல் ஏறியதற்காக நேபாள அரசு சினந்து அபராதம் விதித்தது தனிக் கதை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1959இல், மைக் ஹாரிஸ், ஜார்ஜ் ஃப்ரேசர் என்ற இரு பிரித்தானியர்கள் இதே மலையில் உச்சியை நோக்கிச் சென்று திரும்பவே இல்லை. வெள்ளிக் குடிலில் மாதக்கணக்கில் இருந்து மெல்லிய காற்றுக்குப் பழகியிருந்தது முதல் நால்வருக்குக் கைகொடுத்தது. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: அந்த உயரத்தில் நீண்டகாலம் இருந்தவர்களின் எடை குறைந்துகொண்டே போனது. உடல் ஒரு கட்டம் வரை பழகும், பிறகு தேயத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள்தான் ஏறி இறங்கிவிட வேண்டும்.

காற்றில் உயிர்வளியின் விகிதம் கடற்கரையிலும் மலையுச்சியிலும் ஏறக்குறைய 21 விழுக்காடுதான். குறைவது காற்றழுத்தம். சுமார் 4,600 மீட்டரில் இருக்கும் அடிவார முகாமிலேயே அழுத்தம் சென்னையில் இருப்பதில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவு. உச்சியிலோ பாதிக்கும் குறைவு. இதற்குச் சென்னையில் இருந்துகொண்டு நேரடியாகச் செய்யக்கூடியது மிகக் குறைவு. அழுத்தம் குறைந்த காற்றைப் போலச் செயற்கையாக ஊட்டும் கூடாரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன என்றார்கள்; விலையைக் கேட்டுவிட்டு அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டேன். உடல் பழகுவதை மலையில்தான் செய்ய முடியும். 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓய்வெடுத்து, வழியிலுள்ள நாம்சே என்ற ஊரில் இரண்டு இரவுகள் தங்கி, 6,119 மீட்டர் உயரமுள்ள லோபுச்சே கிழக்கு உச்சியில் முதலில் ஏறி இறங்கி, அதன் பிறகே அமா தப்லாமின் அடிவாரத்துக்குப் போவது என்று எங்கள் பயணத்திட்டத்தை நீட்டியிருக்கிறோம். விடுப்புக் கேட்டபோது மேலாளர் முகம் போன போக்கை இங்கே விவரிக்கப் போவதில்லை.

ஆனால் எவ்வளவு பழகினாலும் மேலே மூளை மந்தமாகத்தான் இருக்கும். மந்தமாக இருக்கிறது என்பதும் அந்த மூளைக்குத் தெரியாது. இதை நான் காங் யாட்சேயில் கண்டுகொண்டேன். ஆகவே இந்த முறை என் தயாரிப்பு முழுவதையும் ஒரே கேள்வியின் மேல் அமைத்தேன்: மேலே யோசித்துச் செய்ய வேண்டியவற்றில் எவ்வளவைக் கடல் மட்டத்திலேயே யோசித்து முடித்துவிட முடியும்?

கால்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான். எனக்கோ அதில்தான் சொல்ல ஒன்றும் இல்லை. தாம்பரத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்துக்குப் பன்னிரண்டு தளங்கள். கீழிருந்து மொட்டை மாடிக்கு ஏறத்தாழ 36 மீட்டர். இருபத்தைந்து முறை ஏறினால் 900 மீட்டர். முதுகுப்பையில் இரண்டு லிட்டர் தண்ணீர்ப் புட்டிகளை அடுக்கி, 18 கிலோ சுமையுடன் ஏறுவேன். மாடியில் தொட்டிச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுக் காலிப் புட்டிகளுடன் இறங்குவேன், முழங்காலுக்கு நல்லது என்பதால். முதல் வாரம் காவலாளி அண்ணன் என்னை நிறுத்தி, “சார், லிஃப்ட் ஓடுது சார்” என்றார். மூன்றாம் வாரத்தில் அவர் எதுவும் சொல்வதை நிறுத்திவிட்டார். அதுவே எனக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம்.

இதில் நான் செய்த ஒரே அறிவான காரியம் மெதுவாக ஏறக் கற்றதுதான். முதல் இரண்டு மாதங்கள் ஒவ்வொரு முறையும் நாக்குத் தள்ளும் வேகத்தில் ஏறி, ஒவ்வொரு வாரமும் களைத்துப் படுத்தேன். உயரமலைக்குத் தேவைப்படுவது பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நிற்காமல் இயங்கும் திறன். அது வளர்வது, பக்கத்தில் இருப்பவருடன் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஏறக்கூடிய வேகத்தில் நெடுநேரம் உழைப்பதால். கந்த சஷ்டி கவசத்தை மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி என்று நானே ஓர் அளவை வைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது; காரணத்தை நான் திருத்தவில்லை.

இறங்குவதற்குத் தனிப்பயிற்சி தேவைப்பட்டது. அதற்காக மார்ச் மாதத்திலும் ஏப்ரலிலும் வெள்ளியங்கிரிக்குப் போனேன். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் அங்கே ஏற விடுவார்கள். ஏழு மலைகளையும் கடந்து ஏறுவதைவிட, விடிந்த பிறகு அந்தக் கற்படிகளில் சுமையோடு இறங்குவது தொடைகளைப் பிழிந்தெடுக்கும். மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு வெறுங்காலுடன் என்னைத் தாண்டி இறங்கிய, அறுபது வயதைக் கடந்த ஒருவர், என் முதுகுப்பையைப் பார்த்து, “என்ன சாமி, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?” என்றார். மலையில் விபத்துகளில் பெரும்பங்கு இறங்கும்போதுதான் நேர்கிறது என்பதை மலையேற்றம் கற்றுத்தரும் எவரும் முதல் நாளே சொல்லிவிடுவார்கள். உச்சியைத் தொட்டதும் மனம் வேலை முடிந்துவிட்டதாகக் கணக்கை மூடிவிடுகிறது. அப்போது வழியில் பாதிதான் முடிந்திருக்கிறது.

இனிக் கைகளின் கதை. அமா தப்லாமில் ஒவ்வொரு பருவத்திலும் ஷெர்பாக்கள் முகடு நெடுகிலும் கயிறு பொருத்துகிறார்கள். என்னைப் போன்றவர்கள் அந்த நிலைக்கயிற்றைப் பற்றித்தான் ஏறுகிறோம். இதை ‘ஏறுவது’ என்று சொல்லலாமா என்ற வாதம் மலையேறிகளிடையே உண்டு. அதில் எதிர்த்தரப்பு சொல்வதுதான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது. முதலில் போய்க் கயிறு கட்டுபவர் ஏறுகிறார், நாங்கள் பின்தொடர்கிறோம். இந்த மரியாதையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் நான் போகிறேன்.

நிலைக்கயிற்றில் ஏறுபவரின் இடுப்புவாரிலிருந்து இரண்டு வார்கள் நீளும். ஒன்றின் முனையில் ஜூமர் என்ற கயிறேறும் கருவி. மேல்நோக்கி நகரும், கீழ்நோக்கி இழுத்தால் பற்களால் கயிற்றைக் கவ்விக்கொள்ளும். இன்னொன்றின் முனையில் பூட்டுள்ள காராபினர் கொக்கி. கயிறு மலையோடு பிணைக்கப்பட்டிருக்கும் ஒவ்வோர் ஆங்கரிலும் முடிச்சு இருக்கும். ஜூமர் அதைத் தாண்டாது. முதலில் காராபினரை முடிச்சுக்கு அப்பால் மாட்டிப் பூட்டி, இழுத்துப் பார்த்து, அதன் பிறகே ஜூமரைக் கழற்றி அப்பால் மாட்ட வேண்டும். இறங்கும்போது இன்னும் நுணுக்கம் கூடும். ஆங்கரில் காராபினரை மாட்டி, இறங்கு கருவியான எட்டு வடிவ வளையத்தை விடுவித்து, அடுத்த கயிற்றில் கோத்து, உடல் எடையை அதில் ஏற்றிச் சோதித்து, கடைசியாகத்தான் காராபினரை எடுக்க வேண்டும். கழற்றும்போது வளையம் கைதவறினால் அது பள்ளத்தாக்குக்குத்தான் போகும். அதையும் ஒரு மெல்லிய கயிற்றால் தன்னோடு கட்டிக்கொள்ள வேண்டும். போதாக்குறைக்கு, இரண்டாம் முகாமுக்குச் சற்றுக் கீழே ‘மஞ்சள் கோபுரம்’ என்று அழைக்கப்படும் செங்குத்துப் பாறையில், முந்தைய ஆண்டுகளின் பழைய கயிறுகள் வெயிலில் வெளுத்துக் கொத்தாகத் தொங்குவதைப் போய்வந்தவர்களின் ஒளிப்படங்களில் பார்த்திருக்கிறேன். அவற்றில் இந்தப் பருவத்துக் கயிறு எது என்று கண்டு, அதில் மட்டும் எடையைப் போட வேண்டும்.

இவற்றையெல்லாம் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்ற நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சியில், தெக்லா பாறைகளிலும் பின்னர் டோக்ரியானி பனியாற்றிலும், பல ஆண்டுகளுக்கு முன் நான் முறையாகவே கற்றேன். தெரிந்திருந்தும்தான் காங் யாட்சேயில் இரண்டையும் கழற்றினேன். எனவே தெரிந்துகொள்வது என் சிக்கலாக இருக்கவில்லை. தெரிந்ததைத் தெளிவில்லாத நிலையிலும் செய்யும் அளவுக்குக் கையில் ஊறவைப்பதுதான் சிக்கல்.

எங்கள் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியுள்ள இரும்புக் கம்பிகளில் 30 மீட்டர் கயிற்றைக் கட்டி, அதில் பத்து முடிச்சுகளை இட்டேன். ஒரு சுற்றுக்குப் பத்து, எட்டுச் சுற்றுகளுக்கு எண்பது முடிச்சுக் கடப்புகள். ஜனவரியில் வெறுங்கையால் தொடங்கினேன், எளிதாக இருந்தது. பிறகு மூன்றடுக்குக் கையுறைகளோடு செய்தேன். காராபினரின் பூட்டைத் திருகுவதற்கே அரை நிமிடம் ஆனது. பிறகு மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, வாளியில் கைகளை மரத்துப்போகும் வரை வைத்திருந்துவிட்டு உடனே கையுறை மாட்டிச் செய்தேன். மீன்கடைக்காரர் வீட்டில் விசேஷமா என்று இரண்டு முறை கேட்டார். அதன் பிறகு, இருபத்தைந்து முறை படியேறி முடித்துக் கண் இருட்டும் நேரத்தில், தலைவிளக்கு வெளிச்சத்தில், எண்பதையும் செய்யத் தொடங்கினேன். ஒவ்வொரு பிழையையும் ஒரு பழைய பேரேட்டில் குறித்தேன், தொழில் புத்தி.

ஏப்ரல் மாதம் ஒரு மாலையில், ஐந்தாம் வகுப்புப் படிக்கும் எதிர்வீட்டுச் சிறுமி கைப்பிடிச் சுவரின் ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன செய்கிறேன் என்று கேட்டாள். எப்போதும் ஏதாவது ஒரு கொக்கி கயிற்றில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி என்று சொன்னேன். ஏழாம் சுற்றில் அவள் கத்தினாள்: “அங்கிள், ரெண்டையும் எடுத்துட்டீங்க!” குனிந்து பார்த்தேன். ஜூமர் ஒரு கையிலும் காராபினர் இன்னொரு கையிலும் இருந்தன. லடாக்கில் நின்ற அதே கோலம். இம்முறையும் எனக்கு அது தெரியவில்லை. கடல் மட்டத்தில், மூச்சுக்கு ஒரு குறையும் இல்லாத காற்றில், அதே பிழை. என் பேரேட்டில் அந்த மாதம் நான் குறித்திருந்த பிழைகள் எண்பதுக்கு ஒன்றோ இரண்டோதான்; ஆனால் அது நான் கவனித்த பிழைகளின் கணக்கு மட்டுமே என்பது அப்போதுதான் உறைத்தது. தணிக்கையாளன் தன் கணக்கைத் தானே தணிக்கை செய்யக் கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி.

அன்றிலிருந்து அவள்தான் என் தணிக்கையாளர். முதல் வாரத்தில் அவள் எண்பதுக்கு ஒன்பது பிழைகளைப் பிடித்தாள். பூட்டைத் திருகாமல் விட்டது, இழுத்துப் பார்க்காதது எல்லாம் அவள் கணக்கில் பிழையே. என் கணக்கில் அவை ‘சிறு விடுதல்கள்’. சில வாரங்களில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. மிகவும் களைத்திருக்கும்போது நான் அதிகம் தவறுவதில்லை, அப்போது பயம் கவனத்தைப் பிடித்துவைக்கிறது. தவறுகள் விழுந்தது பெரும்பாலும் பத்தாவது முடிச்சில், அதாவது சுற்றின் முடிவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில். இல்லையென்றால், அவளிடம் ஏதாவது பேசிய உடனே வரும் முடிச்சில். இதைக் கண்டபின் இரண்டு பழக்கங்களைப் புகுத்தினேன். கொக்கியில் கை வைத்த பிறகு யார் பேசினாலும் பதில் சொல்வதில்லை. ஒவ்வொரு கடப்பிலும் “மாட்டியாச்சு, பூட்டியாச்சு, இழுத்தாச்சு” என்று வாய்விட்டுச் சொல்வது. முதலில் வெட்கமாக இருந்தது. இப்போது பேருந்தில் கைப்பிடியைப் பற்றும்போதே உதடு அசைகிறது.

பாறைக்காக நான்கு முறை பெங்களூரு அருகே ராமநகரத்துக் கருங்கற் குன்றுகளுக்குப் போனோம். என்னோடு வரும் கோவை நண்பரும் அங்கே சேர்ந்துகொள்வார். மற்றவர்கள் செருப்பைவிட இலேசான பாறைக் காலணியில் பல்லியைப் போல ஏறும் இடத்தில், நாங்கள் இரண்டடுக்குப் பனிக்காலணிகளை மே மாத வெயிலில் மாட்டிக்கொண்டு தடுமாறினோம். ஆனால் மஞ்சள் கோபுரத்தில் அந்தக் காலணிகளோடுதான் கால் வைக்க வேண்டும்; கனத்த அடிப்பாகத்தின் விளிம்பு எந்த அளவு பிதுக்கத்தில் நிற்கும், எதில் நழுவும் என்று கால் தானாக அறிய வேறு வழியில்லை. மற்ற கருவிகளைக் காத்மாண்டுவின் தமேல் பகுதியில் வாடகைக்கு எடுக்கலாம் என்று முடிவு செய்தபோதும், காலணியை மட்டும் கடன் பட்டு வாங்கினேன். தடித்த காலுறைக்கும் வீங்கும் பாதத்துக்கும் இடம் வேண்டும் என்பதால் ஓர் அளவு பெரிதாக எடுக்க வேண்டும்; விரல் இறுகினால் இரத்தம் ஓடாது, இரத்தம் ஓடாத விரலைத்தான் பனிக்கடி முதலில் தேடி வரும்.

மருத்துவரிடம் போனதில் எதிர்பாராத பயன் பல் மருத்துவரிடம்தான் கிடைத்தது. சொத்தைப் பல்லுக்குள் சிக்கிய காற்று, வெளியழுத்தம் குறையும்போது விரிந்து நரம்பை அழுத்துமாம். இரண்டு பற்களை அடைத்துக்கொண்டேன். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்த்தேன். விரல் நுனிகளில் எறும்பு ஊர்வது போல இருந்தது, சோடா சப்பென்று ஆனது. மேலே இந்த உணர்வு வந்தால் அது மாத்திரையால் வந்தது, குளிரால் அல்ல என்று இப்போதே அறிந்துவைத்துக்கொள்வது பின்னால் ஒரு பீதியைக் குறைக்கும். உணவைப் பொறுத்தவரை, அடிவார முகாமில் தண்ணீர் 85 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் சோறு வேகாது. அதற்கு மேலே பசியே இராது. காய்ச்சலில் படுத்திருக்கும்போதும் எனக்கு எது இறங்கும் என்று யோசித்து, இஞ்சி மொரப்பாவும் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லாவற்றையும்விட நேரம் பிடித்தது ஒரு பக்கத் தாள். மேலே எடுக்க நேரும் முடிவுகளை நண்பரும் நானும் கீழேயே எழுதிவைத்துக் கையெழுத்திட்டிருக்கிறோம். உச்சி நாளன்று எங்கே நின்றாலும் பகல் 12 மணிக்குத் திரும்ப வேண்டும். நேராக நடக்க ஒருவர் தடுமாறினால், அவர் என்ன சொன்னாலும் கேட்காமல் இருவரும் இறங்க வேண்டும். மூன்றாம் முகாமில் இரவு தங்குவதில்லை. இந்தக் கடைசி விதிக்குக் காரணம் 2006 நவம்பர். அந்தப் பதக்கப் பனித்திரளின் ஒரு பகுதி இரவில் உடைந்து சரிந்து, அதன் கீழே மூன்றாம் முகாமில் உறங்கிக்கொண்டிருந்த மூன்று ஷெர்பாக்களும் மூன்று வெளிநாட்டவரும் இறந்தார்கள். அதன் பிறகு பல குழுக்கள் இரண்டாம் முகாமிலிருந்தே நள்ளிரவில் கிளம்பி உச்சிக்குப் போய்த் திரும்புகின்றன. நாள் நெடியதாகிவிடும், ஆனால் அந்தப் பனியின் கீழே கழிக்கும் நேரம் குறையும். களைத்துப்போய் அங்கே நிற்கும்போது, ‘ஓர் இரவுதானே’ என்று நான் கட்டாயம் வாதிடுவேன் என்பது எனக்கே தெரியும். அந்த என்னோடு வாதிட இந்த என்னால் முடியாது. எழுதிக் கையெழுத்திட்டு, எங்களோடு ஏறப்போகும் ஷெர்பாவிடம் கொடுத்துவிடத்தான் முடியும்.

காப்பீட்டுப் பத்திரத்தை எழுத்தெண்ணிப் படித்தேன். முதலில் வாங்க இருந்த ஒன்றில், கயிறு பயன்படுத்தும் மலையேற்றத்துக்கும் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட மீட்புக்கும் பொறுப்பில்லை என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. வேறொன்றை வாங்கினேன். வங்கிக் கணக்குகளின் வாரிசு நியமனத்தைச் சரிபார்த்தபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தார். “வேண்டாம்னா கேக்கவா போற? அந்தக் கொக்கி விஷயத்த மட்டும் ஒழுங்காப் பாத்துக்க” என்றார். கொக்கியைப் பற்றி நான் அவரிடம் சொன்னதே இல்லை. எதிர்வீட்டிலிருந்து செய்தி போயிருக்கிறது.

கிளம்ப இன்னும் பத்தொன்பது நாள்கள் இருக்கின்றன. சென்ற ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக எண்பதில் ஒரு பிழையும் இல்லாமல் முடித்தேன். மகிழ்ச்சியோடு திரும்பிப் பார்த்தால் தணிக்கையாளர் இல்லை. ஐந்தாம் சுற்றிலேயே வீட்டுப்பாடம் எழுதக் கீழே போய்விட்டாளாம். ஆகவே அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இன்று மாலை ஆறு மணிக்கு மறுபடியும் தொடங்குகிறோம், ஐஸுக்குச் சொல்லியாயிற்று.